மெஸ்ஸுக்குப் பின்னால் நிற்கும் நாய்கள்: ஜெய்சல்மேரில் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஜெய்சல்மேர், பொக்ரான், பார்மேர் பக்கம் காற்றாலையிலும் சோலாரிலும் வேலை பார்க்கும் அண்ணன் தம்பிகளுக்கு,

வணக்கம். நானும் முப்பந்தல் காற்றில் தொழில் பழகிவிட்டு, அப்புறம் தார் பாலைவனத்துக்கு ரயில் ஏறியவன்தான். இந்த மடல் சம்பளத்தைப் பற்றியோ லீவைப் பற்றியோ அல்ல, அருகிவரும் கானமயில் என்ற பறவையைப் பற்றி. "அதுக்குத்தான் மின்கம்பி விஷயமாகக் கோர்ட்டில் கேஸ் நடந்ததே, அது கம்பெனி பாடு" என்று சொல்லி மூடிவிடாதீர்கள். கம்பெனி பாட்டை நான் பேசப்போவதில்லை. நம் கேம்ப் மெஸ்ஸில் மிஞ்சுகிற சோறும் எலும்பும் எங்கே போகின்றன என்பதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

புதிதாக வந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ராஜஸ்தான்காரர்கள் கோடாவண் என்பார்கள். அவர்களுடைய மாநிலப் பறவை. நின்றால் ஒரு மீட்டர் உயரம். நன்கு வளர்ந்த சேவல் 15 கிலோ வரை வரும். இவ்வளவு கனத்தோடு பறக்கிற பறவைகள் உலகத்திலேயே சிலதான். ஒரு காலத்தில் பஞ்சாபிலிருந்து நம் தமிழ்நாட்டு வறண்ட காடுகள் வரை இருந்திருக்கிறது. வெள்ளைக்காரத் துரைகளுக்கு இது வேட்டைப் பறவை. அகமத்நகர் பக்கம் ராபர்ட் மான்ஸ்ஃபீல்டு என்ற ஒரே ஆள் 1809 முதல் 1829 வரை 961 கானமயில்களைச் சுட்டதாகக் கணக்கு இருக்கிறது. இன்றைக்கு நாடு முழுக்கத் திறந்தவெளியில் திரிவதை எல்லாம் சேர்த்தாலும் அதில் ஆறில் ஒரு பங்கு தேறாது. 1969இல் 1,260 இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். 2018இல் தார் பகுதியில் எடுத்த கணக்கு சுமார் 128. குஜராத்தின் கட்ச் பக்கம் சில பெட்டைகள் மட்டும் மிஞ்சின, சேவல் இல்லை.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு வேட்டைக்குத் தடை வந்தது. துப்பாக்கி ஓய்ந்த பிறகும் எண்ணிக்கை இறங்கிக்கொண்டேதான் இருக்கிறது. புல்வெளி வயலாகிப்போனது ஒரு காரணம். இன்னொன்று நாம் இழுத்த கம்பி. கானமயிலின் கண் பக்கவாட்டில் நன்றாகப் பார்க்கும், நேர் எதிரே பார்வை குறைவு. கம்பி கிட்டத்தில் தெரியும்போது அந்தக் கனத்தைத் திருப்ப நேரம் இருக்காது. தார் பகுதியில் வருஷத்துக்குச் சுமார் 18 கானமயில்கள் மின்கம்பியில் அடிபட்டுச் சாகக்கூடும் என்பது இந்திய வனவிலங்கு நிறுவனத்தின் மதிப்பீடு. 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கம்பிகளை மண்ணுக்கடியில் கொண்டுபோகச் சொன்னதும், 2024 மார்ச்சில் அந்த உத்தரவைத் தளர்த்தி நிபுணர் குழு அமைத்ததும் உங்களுக்குத் தெரியும். நம்மில் பலருக்கு அந்த இரண்டு தேதிகளும் வேலை நின்றதும் திரும்பத் தொடங்கியதுமாகத்தான் நினைவிருக்கும். கம்பி எங்கே போக வேண்டும் என்பது நம் கையில் இல்லை. அதை விடுங்கள்.

நம் கையில் இருப்பது முட்டை விஷயம்.

கானமயில் கூடு கட்டுவதே கிடையாது. சுள்ளி, நார் எதுவும் சேர்க்காது. புல்லுக்கிடையே லேசாகக் குழிந்த வெறும் தரையில் பெட்டை உட்காரும். ஒரு முட்டை, அபூர்வமாக இரண்டு. பச்சையும் பழுப்பும் கலந்த ஓட்டில் திட்டுத்திட்டாகக் கருமை படிந்திருக்கும். சரளை மண்ணில் இரண்டு எட்டு தள்ளி நின்றாலும் கண்ணில் படாது. சேவல் கழுத்துப் பையை ஊதிக் காட்டி இணை சேர்வதோடு சரி, அடைகாப்பதில் அதற்குப் பங்கே இல்லை. ஏறக்குறைய 27 நாள் பெட்டை தனியாகக் காக்க வேண்டும். பசித்தால் முட்டையை விட்டு எழுந்து போய்ப் பூச்சியோ ஓணானோ இலந்தைப் பழமோ தின்றுவிட்டு வர வேண்டும். குஞ்சு பொரித்த பிறகும் அடுத்த பருவம் வரைகூடத் தாயோடு திரியும். அந்தக் குஞ்சு பெட்டையாக இருந்து அது முட்டையிட மூன்று நான்கு வருஷமாகும்.

நம் ஊர்க் கௌதாரியும் தரையில்தான் முட்டையிடுகிறது. அது ஆறு ஏழு இடும். கீரி இரண்டைத் தின்றாலும் மிச்சம் இருக்கும். ஒன்றே ஒன்று இடுகிற பறவைக்கு அந்தக் கணக்கு செல்லாது.

முட்டை தின்கிற பிராணிகள் பாலைவனத்தில் எப்போதும் இருந்திருக்கின்றன. பாலைவன நரி, உடும்பு, கீரி, காட்டுப்பூனை, அண்டங்காக்கை. ஆடுமாடு மிதித்துப் போவதும் உண்டு. யாராவது நெருங்கினால் பெட்டை காலைத் தொங்கவிட்டுக்கொண்டு வளைந்து வளைந்து பறந்து ஆளை வேறு பக்கம் இழுத்துப் போகும். தனியாக வருகிற நரியிடம் இந்த வித்தை பலிக்கும். ஐந்தாறு நாய் சேர்ந்து வந்தால், இரண்டு அதன் பின்னால் ஓடும், மற்றவை மோந்துகொண்டே முட்டைக்கு வந்துவிடும். நரியும் உடும்பும் பல ஆயிரம் வருஷமாகக் கானமயிலோடு வாழ்ந்தவைதான். நாய்க்கூட்டம் நாம் கொண்டுவந்து சேர்த்தது.

எப்படிச் சேர்ந்தது என்று பாருங்கள். முன்னெல்லாம் ஊருக்கு வெளியே செத்த மாட்டை இழுத்துப் போட்டால் பிணந்தின்னிக் கழுகுகள் இறங்கித் தின்று தீர்த்துவிடும். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் ஊசியால் 1990களில் கழுகுகள் கூட்டம் கூட்டமாக மடிந்தன. கால்நடைக்கு அந்த மருந்தைத் தடை செய்தது 2006இல். அதற்குள் செத்த மாடு நாய்க்கு என்றாகிவிட்டது. இந்திரா காந்தி கால்வாய் வந்து தண்ணீர், வயல், மரம், குடியிருப்பு எல்லாம் பெருகின. ராமநாதபுரத்தைப் பிடித்த அதே சீமைக் கருவேலம் இங்கேயும் பரவி, மறைந்து நிற்க இடமும் காக்கை உட்காரக் கிளையும் கொடுத்தது. ஜெய்சல்மேர் பக்கத்துச் சாம் மணல்மேட்டில் டூரிஸ்ட் கூடாரங்கள் வரிசை கட்டின. கடைசியாக நாம் வந்தோம். அண்டங்காக்கை உட்கார்ந்து நாலா பக்கமும் தரையை நோட்டமிட, மரமே இல்லாத வெளியில் உயரமான இரும்புக் கோபுரங்களை நட்டோம். நாய்க்கு மெஸ் திறந்தோம்.

மெஸ் என்று சும்மா சொல்லவில்லை. ராத்திரி சாப்பாடு முடிந்த பிறகு ஏதாவது ஒரு கேம்ப்பின் பின்பக்கம் போய் நின்று பாருங்கள். சமையல்காரர் அண்டாவைக் கழுவி ஊற்றுவார். கோழிக் குடல், எலும்பு, மிஞ்சின ரொட்டி எல்லாம் வேலிக்கு அந்தப் பக்கம் கொட்டப்படும். ஏற்கெனவே ஒரு கூட்டம் காத்துக்கொண்டிருக்கும். சண்டைகூடப் போடாது, அதற்கு அது பழகிப்போன பந்தி. தின்று முடித்து ஒவ்வொன்றாக இருட்டில் நடக்கும். எங்கே போகின்றன என்று யாரும் கேட்பதில்லை. விடியும்போது டவர் ரோட்டில் காலடித் தடம் நெடுகக் கிடக்கும், புல்வெளியைப் பார்த்து. வயிறு நிறைந்த நாய் வேட்டையாடாது என்று நினைப்பவர்கள் இந்தத் தடத்தின் பின்னால் கொஞ்ச தூரம் நடந்து பார்க்கலாம். சிங்காரா மானை நாய்கள் குதறிப் போட்டதை நம்மில் பார்க்காதவர் யார்?

நம் மிச்சம் இல்லாவிட்டால் அந்த வெளியில் அத்தனை நாய் பிழைக்காது. பாலைவனத்தில் மே மாதம் நிழலிலேயே 45 டிகிரி, தண்ணீரும் அரிது, இரையும் அரிது. இயற்கையாக அங்கே இத்தனை பெரிய நாய்க்கூட்டத்துக்கு இடமில்லை. நாம் போடுகிற சோறு வருஷம் முழுக்க அவற்றைத் தாங்குகிறது. கூடுதலாகக் கிடைக்கிற முட்டையும் குஞ்சும் அதற்குத் தொட்டுக்கொள்கிற ஊறுகாய்.

இதில் இன்னொரு பொருத்தம் இருக்கிறது. நமக்குக் காற்று சீசன் எப்போது? கோடையில் தொடங்கி மழைக்காலம் முடியும்வரை. டவர் நிற்கக் கூடாது, பிரேக் டவுன் வந்தால் ராத்திரியானாலும் ஓட வேண்டும், வண்டிகள் குறுக்கும் நெடுக்கும் போகும், கேம்ப்பில் ஆள் கூடும், மெஸ்ஸில் இரண்டு மடங்கு சமையல். கானமயில் முட்டையிடுவதும் அதே மாதங்களில்தான். நமக்கு வேலை அதிகமாகிற நேரத்தில்தான் அதற்கும் ஆபத்து அதிகமாகிறது.

சரி, நாயையும் நரியையும் கொன்றுவிட்டால் போச்சு என்று ஒரு சிலர் சொல்வீர்கள். இங்கிலாந்தில் அப்படித்தான் செய்தார்கள். சாலிஸ்பரி சமவெளியில் 1980களில் ஒரு சோதனை நடந்தது. ஒரு பகுதியில் கூடு கட்டும் பருவத்தில் நரி, காக்கை போன்றவற்றை ஒடுக்கினார்கள், இன்னொரு பகுதியில் விட்டுவிட்டார்கள். பிறகு இரண்டையும் மாற்றிப் பார்த்தார்கள். ஒடுக்கிய இடத்தில் மூன்று வருஷத்தில் கௌதாரிகளின் இனப்பெருக்க எண்ணிக்கை 2.6 மடங்கானது. கூட்டைக் காப்பாற்றினால் பறவை பெருகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் அந்த வழி நமக்கு ஒத்துவராது. உடும்பு வனவிலங்குச் சட்டத்தில் உச்சப் பாதுகாப்பு தரும் அட்டவணை ஒன்றில் இருக்கிற பிராணி. நரியும் பாதுகாக்கப்பட்டது. நாயைக் கொல்வது குற்றம். கறியில் விஷம் வைத்தால் நாயோடு நிற்காது. மிஞ்சியிருக்கிற கழுகும் நரியும் சேர்ந்து சாகும். ஒரு சைட்டில் யாரோ அந்த மாதிரி யோசனை சொல்லி, சிரித்துக்கொண்டே தலையாட்டியவர்களும் இருந்தார்கள். தயவு செய்து அந்தப் பேச்சையே எடுக்காதீர்கள்.

அரசு தன் பங்குக்குச் செய்துகொண்டுதான் இருக்கிறது. பாலைவன தேசியப் பூங்காவிலும் ராம்தேவ்ரா பக்கத்திலும் நாய், நரி நுழையாதபடி வேலி போட்டுப் புல்லை வளர்த்திருக்கிறார்கள். பூங்காவில் இருக்கும் சுதாசரி வேலிக்குள் ஒரு நடை போனால் வித்தியாசம் கண்ணில் படும். உள்ளே செவண் புல் முட்டி வரை, வெளியே ஆடு மேய்ந்த தரை. பொக்ரான் சுடுதளத்தில் குண்டு வெடித்தாலும் கானமயில் அங்கே தங்குகிறது. ஆள் நடமாட்டத்தைவிட பீரங்கி அதற்குத் தேவலை போலிருக்கிறது. 2019 முதல் சாமில் இனப்பெருக்க மையம் நடக்கிறது. காட்டிலிருந்து முட்டையை எடுத்து வந்து இன்குபேட்டரில் பொரிக்க வைத்துத்தான் அதைத் தொடங்கினார்கள். 2024 அக்டோபரில் செயற்கைக் கருவூட்டலில் முதல் குஞ்சு பொரித்தது. மையங்களில் இருக்கும் பறவைகள் அறுபதைத் தாண்டிவிட்டன. சந்தோஷம்தான். ஆனால் அவை என்றைக்காவது வெளியே போக வேண்டுமே. கையில் வளர்ந்த பறவை, நாயைப் பார்த்தால் ஓட வேண்டும் என்பதையே தெரிந்திருக்காது. வெளியே நாய்க்கூட்டம் இப்படியே இருந்தால் அவற்றைத் திறந்துவிட்டு என்ன பயன்?

நாய் விஷயத்தில் சட்டத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 2023 விதிப்படி தெருநாயைப் பிடித்துக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். டவுனுக்கு அது சரியான முறை. கானமயில் முட்டையிடும் வெளியில் பிடித்த நாயை அதே வெளியில் விட்டால்? கருத்தடை செய்த நாய்க்கும் பசிக்கும். பறவை வாழும் பகுதிக்கு வேறு விதி வேண்டும் என்பதை ராஜஸ்தான் வனத்துறையும் மத்திய அமைச்சகமும்தான் பேசித் தீர்க்க வேண்டும். அதுவரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. அங்கே நாய் பெருகாமலும் தங்காமலும் பார்த்துக்கொள்ள எந்த விதியும் தடை இல்லை.

முதலில் மெஸ். கழிவை வேலிக்கு வெளியே கொட்டுவதை நிறுத்தச் சொல்லுங்கள். காம்பவுண்டுக்குள் ஆழமான குழி, மேலே இரும்பு மூடி, தினமும் ஒரு பாண்டு மண். கோழி, ஆட்டு இறைச்சிக் கழிவை மூடிய டிரம்மில் போட்டு, சாமான் வாங்க வருகிற வண்டியிலேயே டவுனுக்குத் திருப்பி அனுப்பிவிடலாம், எப்படியும் காலியாகத்தான் போகிறது. வேலியின் அடியில் நாய் நுழைகிற பள்ளத்தை அடையுங்கள். தண்ணீர்த் தொட்டியின் ஒழுகலை நிறுத்துங்கள், கோடையில் சோற்றைவிட அதுதான் நாயைப் பிடித்து வைக்கிறது.

அப்புறம் குட்டி நாய். இது மனசு சம்பந்தப்பட்டது, எனக்குப் புரிகிறது. ஊரை விட்டு வந்து மாசக்கணக்கில் கிடக்கிறோம், கேம்ப் வாசலில் ஒரு குட்டி வாலாட்டினால் பிஸ்கட் போடத்தான் தோன்றும். மணி, டைகர் என்று பேரும் வைத்தாகிவிடும். புராஜெக்ட் முடிந்ததும் கன்டெய்னர்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விடுகிறோம். மணியும் அதன் ஆறு குட்டிகளும் அந்த வெளியிலேயே நிற்கும். வேளாவேளைக்குச் சோறு தின்று பழகிய நாய்க்கு அன்றையிலிருந்து பசி. அந்தப் பசிக்குத் தரையில் இருப்பது எதுவும் தப்பாது. வளர்க்க ஆசைப்பட்டால் முறையாக வளருங்கள்: கருத்தடை, ஊசி, ராத்திரி கட்டிப்போடுவது, கேம்ப் கலைக்கும்போது கூடக் கூட்டிப்போவது அல்லது டவுனில் ஒரு வீடு பார்த்துக் கொடுப்பது. முடியாதென்றால் முதல் பிஸ்கட்டையே போடாதீர்கள். கேட்கக் கடினமாக இருக்கும். வாயில்லாப் பிராணிக்குச் சோறு போடுவது புண்ணியம் என்று வளர்ந்தவர்கள் நாம். கைவிடப்போகிற பிராணிக்குப் போடுவது அந்தக் கணக்கில் வராது.

டிரைவர் தம்பிகளுக்கு ஒன்று. சீசனில் டவர் ரோட்டை விட்டுப் புல்லுக்குள் வண்டியை இறக்காதீர்கள், குறுக்கு வழியில் மிச்சமாவது பத்து நிமிஷம். பெட்டை எழுந்து ஓடுவதைப் பார்த்தால் நிறுத்திப் படம் எடுக்காதீர்கள். நீங்கள் நிற்கிறவரை அது முட்டைக்குத் திரும்பாது. வெயிலில் முட்டை அவியும், அதற்குள் அண்டங்காக்கை பார்த்துவிடும். வந்த தடத்திலேயே திரும்பிப் போய்விடுங்கள். லொகேஷனை வாட்ஸ்அப் குரூப்பில் போடாமல் வனத்துறை ஆளிடம் மட்டும் சொல்லுங்கள். காட்டுயிரைக் காப்பதை மதக் கடமையாகக் கொண்ட பிஷ்ணோய் மக்களின் கிராமங்களில் இதற்கென்றே கண்ணும் காதுமாக இருக்கிற பையன்கள் உண்டு, அவர்களிடம் சொன்னாலும் போதும். நம்மை அவர்கள் நல்லவிதமாகப் பார்ப்பதில்லை. பார்க்காததற்குக் காரணமும் இருக்கிறது. இதில் தொடங்கிப் பழகலாம்.

கோபுரத்தில் காக்கைக் கூடு பார்த்தால் நீங்களே ஏறிப் பிய்க்க வேண்டாம், அதற்கு அனுமதி வேண்டும், எழுதிக் கொடுங்கள்.

சைட் இன்சார்ஜ், மேனேஜர் பொறுப்பில் இருக்கிற அண்ணன்மார்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. சிஎஸ்ஆர் என்று கம்பெனி சமூகப் பணிக்கு ஒதுக்கும் பணத்தில் பள்ளிக்கூடச் சுவருக்குப் பெயின்ட் அடித்துப் போட்டோ எடுப்பதோடு, சுற்றுக் கிராமங்களில் ஒரு வருஷ நாய்க் கருத்தடை முகாமுக்கும் செத்த மாட்டைப் புதைக்க ஓர் இடத்துக்கும் ஒதுக்கச் சொல்லுங்கள். நம் கேம்ப்பை மட்டும் சுத்தம் செய்தால் நாய்கள் ஊருக்குப் போய்த் தின்றுவிட்டுத் திரும்ப வரும். கிராமத்தையும் சேர்த்துக்கொண்டால்தான் வேலை முடியும். இன்னொன்றும் நடக்கிறது, எல்லோருக்கும் தெரிந்த ரகசியம்: கம்பிக்குக் கீழே அடிபட்ட பறவை கிடந்தால் வெளியே தெரியாமல் அப்புறப்படுத்தச் சொல்லும் வாய்மொழி உத்தரவு. அந்த உத்தரவை எழுத்தில் கேளுங்கள். யாரும் எழுதித் தர மாட்டார்கள். பிறகு உங்கள் பாட்டுக்கு வனத்துறைக்குத் தகவல் சொல்லலாம்.

திங்கட்கிழமை காலை வேலை தொடங்குமுன் நடக்கும் பாதுகாப்புப் பேச்சில், அதாவது டூல் பாக்ஸ் டாக்கில், ஹெல்மெட், பெல்ட், ஹார்னஸ் பேசி முடித்ததும் இந்த விஷயத்துக்கு ஐந்து நிமிஷம் ஒதுக்குங்கள். ஹிந்தியில் சொல்ல வராவிட்டால் லோக்கல் செக்யூரிட்டி ஒருவரைப் பேசச் சொல்லுங்கள், கோடாவணைப் பற்றி அவருக்கு நம்மைவிட அதிகம் தெரியும். பக்கத்து வனத்துறை ரேஞ்ச் அலுவலக நம்பரை மெஸ் கதவில் ஒட்டுங்கள். அன்றைக்கே மெஸ் கான்ட்ராக்டரைக் கூப்பிட்டுக் குழிக்கு இடம் காட்டிவிடுங்கள். ஜேசிபி சைட்டிலேயே நிற்கிறது, தோண்ட அரை மணி நேரம் ஆகாது. மூடி அடிக்க வெல்டர் இருக்கிறார், ஸ்கிராப் தகடும் யார்டில் கிடக்கிறது. செலவு என்று யாரும் சொல்ல முடியாது.

அன்புடன்,
ஆரல்வாய்மொழிக்காரன் ஒருவன்